அரைப்புள்ளி

இன்று காலையும் யாரோ
வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
குக்கர் வந்த அட்டைப்பெட்டி.
மூடியில் காற்றுக்கு நான்கு ஓட்டை.
அவ்வளவு அக்கறை.

செக்காலை ரோட்டில் என் பெயரைச் சொன்னால்
வீடு தெரியாது.
பூனையக்கா என்றால்
ஆட்டோ நேரே கொண்டுவந்து இறக்கும்.
தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களும்
அப்படித்தான் விசாரித்து வந்தார்கள்.
காப்பி குடித்தார்கள்,
வேட்டியில் ஒட்டிய மயிரைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.
தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
இன்றுவரை.

மாசியில்
கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பூட்டிய வீடு.
உள்ளே குட்டிகள் கத்துவதாக
எதிரே இஸ்திரி போடும் சாத்தையா கூப்பிட்டார்.
தாய் எந்த ஓட்டு இடுக்கில் நுழைந்து ஈன்றதோ,
இரை தேடி வந்தது
திருச்சி பஸ்ஸின் அடியிலிருந்து திரும்பவில்லை.

பதினோரு பங்கு வீடு.
ஒரு சாவி அடையாற்றில்.
ஒரு சாவி ஈப்போவில்.
ஒரு சாவி, கோர்ட்டில் நிற்கும்
அண்ணன் தம்பிக்கு நடுவில் எங்கோ.
ஈப்போ சரி என்றால் எனக்கும் சரி
என்றது அடையாறு.
ஈப்போவில் அப்போது தூங்கப் போயிருந்தார்கள்.
தேவகோட்டைப் பங்காளி
நிதானமாகக் கேட்டார்:
பூனை யார் பங்கில் கத்துகிறது?

கதவில் காதை வைத்தேன்.
பர்மாத் தேக்கு, லேசில் எதையும் கசியவிடாது.
ஆனாலும் கேட்டது.
வியாழன் நான்கு குரல்.
வெள்ளி மூன்று.
சனிக்கிழமை ஒன்றா இரண்டா என்று
சாத்தையாவிடம் கேட்டேன்.
பெட்டிக் கரியை ஊதிக்கொண்டிருந்தார்,
நிமிரவில்லை.

ஞாயிறு சாவி வந்தது,
படைப்புக்கு வந்தவர்களின் இன்னோவாவில்.
கண்ணாடிச் சட்டத்துக்குள் நின்ற
முன்னோர் வரிசைக்குக் கீழே
நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.
கீழே இருந்ததன் வயிறு அசைந்தது.
அசைந்தது என்றுதான் நினைத்தேன்.
டாக்டர் இளம்பரிதி
காதிலிருந்து குழாயைக் கழற்றும் வேகத்திலேயே
எனக்குத் தெரிந்துவிடும்.
அன்று மெதுவாகக் கழற்றினார்.

அழுதாயா என்று கேட்காதீர்கள்.
டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன்.
மறுநாள் பன்னிரண்டு பில்,
ஒன்றிலும் பைசா தப்பில்லை.
சாயங்காலம் ஒரு குழந்தை
மிதித்தால் கீச்சிடும் செருப்போடு
கடைக்குள் ஓடி வந்தது.
குடோனுக்குப் போய்
சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டேன்,
அவர்கள் பாத்ரூம் டைல்ஸ் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை.

இன்னொன்று. யாரிடமும் சொன்னதில்லை.
பங்குனியில் ஓர் இரவு, பதினொன்றே முக்கால்,
சாத்தையாவின் எண்.
திரை வெளிச்சம் உத்தரத்தில் நடுங்கியது.
அடிக்கட்டும் என்று விட்டேன்.
நின்றது.
மறுபடி அடித்தது.
விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
காலையில் துணி கொண்டுபோனேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சுடிதாரில் ஒரு சுருக்கம் இல்லாமல்
மடித்துத் தந்தார்.

இந்த ஊரில்
கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
துணை போனவர் அரைப்புள்ளி.
கோயில் வரியும் பாதி.
நான் அந்தக் கணக்கில் பிறந்தவள் இல்லை.
ஆனாலும் நோட்டு வைத்திருக்கிறேன்.
பிழைத்தது ஒரு புள்ளி.
போனதற்குக் கோடு.
பங்குனியின் அந்த இரவுக்கு
என்ன போடுவதென்று தெரியாமல்
பேனாவை ஊன்றியபடி இருந்துவிட்டேன்.
மை ஊறி
பின்பக்கத்துச் சித்திரைக்கும் போய்விட்டது.

வாசலில் பெட்டி.
உள்ளே சத்தமில்லை.
சத்தமின்மையில் இரண்டு வகை உண்டு,
வெளியிலிருந்து சொல்ல முடியாது.
ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும்.
யாரப்பா நீ,
டேப்பை இத்தனை சுற்றுச் சுற்றியது?
கத்தரிக்கோலை
எங்கே வைத்தேன்.